வெய்யில் காலத்தில படலைக்கு வெளிய: முள்ளந்தண்டு அடிபட்டுப் புதுசா வீடு வந்தாக்களுக்கு

ஆசுப்பத்திரியில பிசியோ மிஸ் எனக்கு வீல் செயார் பழக்கின கொரிடோரில ஒரு குறுணிக்கல்லுக்கூட இல்லை. தரை பளபள எண்டு கிடக்கும், ஒரு தள்ளுத் தள்ளினா அந்தத் தொங்கல் மட்டும் ஓடும். வீட்ட வந்து ஓட்டோவால இறக்கினவுடன படலையடியில முன்சில்லு ரெண்டும் மணலுக்க புதைஞ்சு நான் குப்புற விழப்பாத்தன், அம்மா அழத் தொடங்கீட்டா, அதோட சரி, ஆறு மாசம் நான் படலையைத் தாண்டேல்லை.

நான் விழுந்தது 2016 ஆனி மாசம், பாலைமரத்தில இருந்து. பழம் பிடுங்கப் போனது, வேறயொரு வீரசாகசமும் இல்லை. அடிபட்டது நாரிக்கு மேல, அதால இடுப்புக்குக் கீழ அசைவும் இல்லை உணர்ச்சியும் இல்லை, கை ரெண்டும் நல்லா வேலை செய்யும். எங்கட வன்னிப் பக்கத்தில இப்பிடி இருக்கிறாக்கள் கனபேர், சண்டையில செல்லடி பட்டவை, பனையால விழுந்தவை, ஏ9 றோட்டில மோட்டச்சைக்கிளோட போய் அடிபட்டவை. ராகமவில புனர்வாழ்வு ஆசுப்பத்திரியில இருந்து இப்பதான் வீட்ட வந்து, வெக்கைக்க கூரையைப் பாத்துக்கொண்டு கிடக்கிறாக்களுக்குத்தான் இதை எழுதுறன். உங்கட டொக்டர் சொன்னது ஒண்டு, நான் சொல்லுறது இன்னொண்டு எண்டா டொக்டர் சொன்னதைக் கேளுங்கோ, அவருக்குத்தான் உங்கட எக்ஸ்ரே தெரியும்.

முதல்ல முத்தம்

ஒரேயடியாக் கடலுக்கு வெளிக்கிடாதேங்கோ. முதல் கிழமை வீட்டு விறாந்தையில இருந்து முத்தத்து வேம்பு வரைக்கும்தான். அதுக்கே எனக்குக் கொஞ்ச வேலை இருந்தது. வாசல்ல அரை அடிப் படி. ராம்ப் போட வேணுமெண்டா 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விடச் சொல்லுறது சட்டப்படியான கணக்கு, அப்ப அரை அடிக்கு 6 அடி. மேசன்மார் நீளத்தைப் பாத்திட்டு "இவ்வளவு ஏன் தம்பி" எண்டு மூண்டடியில முடிக்கப் பாப்பினம், விடாதேங்கோ, மூண்டடியெண்டா ஏறேக்க ஆள் மல்லாந்து விழும். நான் சொல்லச் சொல்லக் கேக்காமக் கட்டி, பேந்து உடைச்சு இன்னொருக்காக் கட்டினது.

மணலுக்கு என்ன செய்யிறதெண்டா, படலையில இருந்து விறாந்தை வரைக்கும் ஒரு வீல் செயார் அகலத்துக்குக் கிரவல் கொட்டித் தண்ணி தெளிச்சு இடிச்சு விட்டம், ரெண்டு மழைக்குப் பிறகு சீமெந்து மாதிரி இறுகீட்டுது. காசு இல்லாட்டிப் பழைய பலகை போடலாம், ஆனாக் கறையான் பாக்க வேணும்.

அந்த வேம்புக்குக் கீழ ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலரைக்கு நானாப் போய் இருக்கத் தொடங்கினன். ஒருத்தரும் தள்ளேல்லை. அந்த நேரத்தை நானே வைச்சது, அதுதான் பெரிய விசயம், ஏனெண்டா அதுக்கு முதல் எழும்பிறது, குளிக்கிறது, சாப்பிடுறது எல்லாம் வீட்டில ஆருக்கு எப்ப நேரம் இருக்கோ அப்பதான்.

வெளிக்கிட முதல் மூண்டு கேள்வி

எங்க போறதெண்டாலும் நான் முதல்ல கேக்கிறது: அங்க நிழல் எங்க இருக்கு, சலம் போக எங்க ஏலும், கொஞ்சம் படுக்கலாமா. மூண்டுக்கும் பதில் இருந்தா வெளிக்கிடுறன். கலியாணவீடோ செத்தவீடோ இதுதான் கணக்கு. முதல் கொஞ்சநாள் சனத்துக்குச் சிரிப்பா இருக்கும், "என்ன கலெக்டர் வாறமாதிரி விசாரிக்கிறாய்" எண்டுவினம். விசாரியுங்கோ.

வெக்கை: அடிபட்ட இடத்துக்குக் கீழ உடம்பு ஒழுங்கா வேர்க்காது. வேர்வைதான் உடம்பைக் குளிராக்கிறது, பாதி உடம்பு வேர்க்காட்டிச் சூடு உள்ளுக்க நிண்டுடும். கழுத்து முறிஞ்சாக்களுக்கு இது இன்னும் மோசம், அவையளுக்கு நிழலில இருந்தாலும் உடம்பு கொதிக்கும். அதால பத்து மணியில இருந்து மூண்டரை மட்டும் வெளிவேலை வேண்டாம். பூக்கண்டுக்கு அடிக்கிற ஸ்பிரே போத்தல் ஒண்டு வாங்கித் தண்ணி நிரப்பி வீல் செயாரில தொங்க விடுங்கோ, முகம், கழுத்து, கையில அடிச்சுக்கொண்டு சோளகக் காத்துக்கு முன்னால இருந்தாக் கரண்ட் இல்லாத ஏசி. நனைச்ச துவாயைக் கழுத்தில சுத்தினாலும் சரி. தலைச்சுத்து, தலையிடி, சத்தி வாறமாதிரி இருந்தாச் "கொஞ்சம் பொறுப்பம்" எண்டு நிக்காம நிழலுக்குப் போய் உடம்பை நனையுங்கோ, அதுக்கும் மாறாட்டி, இல்லாட்டி ஆள் மாறாட்டமாக் கதைச்சா 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடிக்க வேண்டியதுதான்.

இன்னொண்டு, நடு நெஞ்சு மட்டத்தில, அதுக்கு மேல அல்லது கழுத்தில அடிபட்டவைக்கு மட்டும். திடீரெண்டு மண்டை வெடிக்கிற மாதிரித் தலையிடிச்சு முகம் சிவந்து அடிபட்ட இடத்துக்கு மேல மட்டும் வேர்த்தா அதை வெக்கை எண்டு நினைச்சுப் படுக்க வைக்கக் கூடாது. பிரஷர் ஏறுது. நிமிந்து இருக்க வைச்சு, இடுப்பு பெல்ட்டு உடுப்பெல்லாம் தளத்தி, கதீற்றர், அதுதான் சலம் போற குழாய், மடிஞ்சு கிடக்கோ, சலப்பை நிரம்பிக் கிடக்கோ எண்டு பாக்க வேணும், கனக்க இதுதான் காரணம். உடன குறையாட்டி ஆசுப்பத்திரி. இதைக் கூட வாற ஆக்களுக்கும் சொல்லி வையுங்கோ, அந்த நேரம் உங்களால விளங்கப்படுத்த ஏலாது.

தண்ணியும் சலமும்

எங்கட ஆக்கள் எல்லாரும் விடுற பிழை ஒண்டு, வெளிய போறதெண்டாக் காலமையில இருந்து தண்ணி குடிக்காம இருக்கிறது. வழியில சலம் வந்தா மானம் போயிடும் எண்ட பயம். நானும் செய்தனான். ரெண்டாவது வருசம் சித்திரை வெய்யிலுக்க அப்பிடிக் காய்ஞ்சு போய் சலத்தில கிருமி வந்து, குளிர்க்காய்ச்சலோட எட்டு நாள் வார்ட்டில கிடந்தன். தண்ணி குறைஞ்சாக் கிருமியும் கல்லும் சேரும். என்ர கணக்கு நாளுக்கு ரெண்டு, ரெண்டரை லீற்றர், ஆனா ஒரேயடியா இல்லை, மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸ் மாதிரி. உங்கட அளவை உங்கட நேர்ஸ் மிஸ்ஸியிட்டக் கேளுங்கோ.

நேரத்துக்கு நேரம் குழாய் போட்டுச் சலம் எடுக்கிறாக்கள் 4 மணித்தியாலத்தில இருந்து 6 மணித்தியாலத்துக்க ஒருக்கா எடுக்க வேணும், ஒரு தரத்தில 500 மில்லிக்கு மேல சேர விடாதேங்கோ. பையில எனக்கு எப்பவும் இருக்கிறது: குழாய் ரெண்டு, சவுக்காரத் துண்டு, ஒரு போத்தல் கிணத்துத்தண்ணி கை கழுவ, வாய் அகண்ட ஒரு பிளாஸ்ரிக் போத்தல், ஒரு சாறம். சாறம்தான் எங்கட கக்கூசு. அதை மேல போட்டுக்கொண்டு ஓட்டோக்குள்ள இருந்தே அலுவலை முடிக்கலாம், ஏனெண்டா எங்கட பக்கத்துப் பொதுக் கக்கூசுகளின்ர கதவுக்குள்ள வீல் செயார் போகாது, போனாலும் உள்ளுக்க குந்துற சட்டி. பொம்பிளையளுக்கு இது கஷ்டம்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, அவவும் வீல் செயார்தான், அகலமான பாவாடையும் சின்னக் கைக்கண்ணாடியும் கொண்டு போறவ, வீட்டில கட்டிலில வைச்சு நூறு தரம் பழகினாப் பிறகுதான் வெளிய செய்தவவாம்.

நுங்கு, இளநி எல்லாம் குடியுங்கோ, அதையும் தண்ணிக் கணக்கில சேருங்கோ. கள்ளுக்கு நான் வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன், சொன்னாலும் கேக்க மாட்டியள், ஆனாச் சலப்பை கெதியா நிரம்பும், அதோட வெறியில நேரத்தையும் மறந்திடுவியள். ஒரு பிளாவோட நிப்பாட்டுங்கோ.

உணர்ச்சி இல்லாத தோல்

இதை வடிவா வாசியுங்கோ.

2018 ஆடிப்பிறப்பு. அம்மா ஆடிக்கூழ் காச்சினா, பனங்கட்டி, தேங்காய்ப்பால், வறுத்த பயறு போட்டு. சட்டியால வாத்த கையோட சிரட்டையில தந்தா. நான் அதைத் தொடையில வைச்சுக்கொண்டு மச்சானோட கதைச்சுக்கொண்டு இருந்தன், ஒரு பக்கம் சரிஞ்சு கொஞ்சம் ஊத்துப்பட்டுது, துடைச்சிட்டன், மிச்சத்தைக் குடிச்சன், நல்ல ருசி. இரவு உடுப்பு மாத்தேக்கதான் பாத்தன், தொடையில உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம். நோவு இல்லை, ஒண்டும் இல்லை. ஆற ரெண்டு மாசம் சென்றது, அந்த வெய்யில் காலம் முழுக்கப் படுக்கையிலதான். அதில இருந்து மடியில ஒரு பலகைத் தட்டு இல்லாமச் சூடான ஒண்டும் வாங்கிறேல்லை.

வெய்யிலுக்க விட்ட வீல் செயாரின்ர இரும்பு, கறுப்புக் குஷன், மோட்டச்சைக்கிள் சைலன்சர், கோயில் வீதி மணல், சீமெந்துப் படி, இதெல்லாம் சுடும், உங்களுக்குத் தெரியாது. இருக்க முதல் கையால தொட்டுப் பாருங்கோ. கால் எப்பவும் மூடின சப்பாத்து, மேஸ்.

அடுத்தது படுக்கைப்புண். 15 நிமிசத்தில இருந்து அரை மணித்தியாலத்துக்க ஒருக்கா முன்னுக்குக் குனிஞ்சோ பக்கத்துக்குச் சரிஞ்சோ குண்டியில இருக்கிற பாரத்தை எடுக்க வேணும், எடுத்தா ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் நிக்க வேணும், சும்மா ஒருக்கா உன்னிப் போட்டு இருக்கிறது காணாது. வெக்கையில ஈரம் சேர்ந்தாத் தோல் இன்னும் கெதியாப் பிய்யும். காலமையும் இரவும் கண்ணாடி வைச்சுப் பாருங்கோ. புத்தகத்தில "சிவப்பா இருந்தா" எண்டு போட்டிருக்கும், எங்கட நிறத்துக்குச் சிவப்புத் தெரியாது, அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கறுத்திருக்கோ, சூடா இருக்கோ, கட்டியா இருக்கோ எண்டு கையால தடவிப் பாக்க வேணும். அரை மணித்தியாலம் பாரம் இல்லாமக் கிடந்தும் மாறாட்டி அண்டைக்கு இருக்கிறதை விடுங்கோ, குப்புறப் படுங்கோ, கிளினிக்கில காட்டுங்கோ. திருவிழா அடுத்த வருசமும் வரும்.

கிணத்தடி

வெய்யில் காலத்தில கிணத்தடியில நிண்டு வாளி வாளியா அள்ளி ஊத்திற சுகத்தை நான் ரெண்டு வருசம் இழந்து போயிருந்தன். அறைக்குள்ள ஈரத்துணியால துடைச்சு விடுவினம். தம்பி துடைக்கேக்க ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்க மாட்டம்.

பிறகு செய்தது இதுதான். கிணத்தடியில வீல் செயார் இருக்கை உயரத்துக்கு ஒரு சீமெந்துத் திட்டுக் கட்டினம், விளிம்பெல்லாம் உருட்டி வழவழப்பா. திட்டுக்கு மேல றபர் சீற், அதுக்கு மேல காத்தடிச்ச சின்ன ரியூப். வீல் செயாரை ஒட்டி விட்டு, பிரேக் போட்டு, கைபிடியைக் கழட்டி, பலகையில சறுக்கி மாறுறது. நனையாத உடம்போடதான் மாற வேணும், ஈரத்தோல் பலகையில ஒட்டி உரியும், அதால திரும்பி வரேக்கயும் துடைச்சு, காய்ஞ்ச துவாயைக் கீழ போட்டிட்டுத்தான். சவுக்காரம் பழைய மேசுக்குள்ள போட்டுக் கயித்தில தொங்குது, விழுந்தாக் குனிஞ்சு எடுக்க ஏலாதெல்லோ. தண்ணி மோட்டரால பைப்பில வரும். ஒண்டு கவனம், வெய்யிலுக்க கிடந்த கறுத்த ஓஸில முதல் வாற தண்ணி கொதிதண்ணி, அதை மண்ணில விட்டிட்டுக் கையில பிடிச்சுப் பாத்தாப் பிறகுதான் காலில பிடிக்கிறது.

முதல் நாள் தம்பியைக் குசினிக்கு அங்கால போய் நிக்கச் சொன்னன். அவன் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா "அண்ணை?" எண்டான், நான் "ம்" எண்டன். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இப்ப இருவது நிமிசம்.

ரோட்டு

காத்து ரயர்தான் எங்கட கிரவலுக்குச் சரி, கட்டி றபர் போட்டா நாரி குலுங்கிப் போயிடும். ஆனா நெருஞ்சி முள்ளும் விடத்தல் முள்ளும் சும்மா விடாது, பம்பும் ஒட்டிற சாமானும் பையில இருக்க வேணும், நீங்களே ஒட்டப் பழகுங்கோ. மண்ணில போகேக்க முன்சில்லைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு பின்சில்லில போற வித்தையைப் பிசியோவில கட்டாயம் கேட்டுப் பழகுங்கோ. கை சுடும், கிளவுஸ் போடுங்கோ. தூரத்துக்குக் கையால சுத்திற மூண்டு சில்லுச் சைக்கிள் நல்லது. நான் இப்ப பக்கச் சில்லுப் போட்ட ஸ்கூட்டி வைச்சிருக்கிறன், இரணைமடுக் குளக்கட்டுக்குப் பின்னேரக் காத்து வாங்கப் போவன். இந்தச் சாமான்களுக்கு வழி பாக்கிறதெண்டாப் பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைப் பிடியுங்கோ, ஒரு தரம் போனாக் காணாது. மாங்குளத்தில உயிரிழை எண்டு முள்ளந்தண்டு அடிபட்டாக்களே நடத்திற அமைப்பு இருக்கு, அங்க போய்க் கதைச்சா நான் இஞ்ச எழுதாததும் சொல்லுவினம்.

குளத்துக்குள்ள இறங்காதேங்கோ. முதலை. கட்டோட நில்லுங்கோ. பொழுதுபட முதல் திரும்புங்கோ, யானை வந்தா ஓடச் சொல்லுவினம், எங்களுக்கு அந்தக் கவலை இல்லைத்தானே.

கோயில்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு எல்லாருக்கும் போக ஆசை, சிலாவத்தைக் கடலில தீர்த்தம் எடுத்து உப்புத்தண்ணியில விளக்கெரியிறதைச் சின்னனில பாத்த கண். ஆனா முதல் தரமே பொங்கல் இரவுக்குப் போகாதேங்கோ, சனநெரிசலுக்க சில்லும் நகராது, நீங்கள் எல்லாற்ற இடுப்புக்கு நேர இருப்பியள், காத்தும் வராது. ஒரு சாதாரண திங்கக்கிழமை காலமை போய் வழி, நிழல், படி எல்லாம் பாத்திட்டு வாங்கோ. மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குக் காட்டுமரங்களுக்குக் கீழ கூடாரம் அடிச்சுத் தங்கிறவை, அதால படுக்கிற பிரச்சினை இல்லை, அந்தக் கணக்கில எனக்கு மடு சுகம்.

படி வந்தா நாலு பேர் ஓடி வருவினம், நல்ல மனசுதான், ஆனா ஒருத்தர் சில்லில பிடிப்பார், இன்னொருத்தர் கழண்டு வாற கைபிடியில பிடிப்பார். வாயைத் திறவுங்கோ. "பொறுங்கோ ஐயா, நான் சொல்லுறன்" எண்டு சத்தமாச் சொல்லிப் பிரேக்கை எடுத்து, முதுகைப் படிப்பக்கம் திருப்பி, பின்னால பலமான ஒருத்தர் தள்ளுற கைபிடியில, முன்னால ரெண்டு பேர் பிரேமில, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" எண்ணிறது நீங்கள். எனக்கு இது வர ஒரு வருசம் எடுத்தது, வெக்கம். சும்மா தூக்குப்படுகிறதுக்கும் தூக்க வைக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

கடல்

முல்லைத்தீவுக் கடல் சித்திரையில இருந்து புரட்டாதி மட்டும் ஓரளவு அடங்கி இருக்கும், ஐப்பசி பிறந்தாக் கிட்டப் போகாதேங்கோ. காலமை ஆறரைக்கு மணல் குளிர், சனமும் இல்லை, கரைவலை இழுக்கிறாக்கள் மட்டும்தான். புண் ஏதும் இருந்தா இறங்கிறேல்லை. சலத்தை எடுத்து, குடல் அலுவலையும் முடிச்சிட்டுத்தான் போறது.

மணலில வீல் செயாரை முன்னுக்குத் தள்ளினாச் சின்னச் சில்லு தாழும். திருப்பிப் பின்பக்கமா இழுக்கச் சொல்லுங்கோ. நாங்கள் ஒரு தறப்பாளை நாலா மடிச்சு விரிச்சு அதுக்கு மேலால இழுக்கிறது, முடிய எடுத்து முன்னால விரிக்கிறது. லைப் ஜாக்கெட் கட்டாயம், நீந்தத் தெரிஞ்சாலும், ஏனெண்டாக் கால் ரெண்டும் நாங்கள் சொல்லுறதைக் கேக்காது, தன்ர பாட்டில மிதந்து ஆளைப் பிரட்டும், இல்லாட்டி இழுத்து விறைக்கும். சிப்பி கீறாமச் சப்பாத்தோட. நீந்தக்கூடிய ரெண்டு பேர் பக்கத்தில. உங்கட உடம்பை மணலில இழுக்க விடக்கூடாது, தூக்கித்தான் வைக்க வேணும்.

முதல் நாள் மச்சான் "எங்க பிடிக்க?" எண்டான். "பிடிக்காத, ஒரு கை தூரத்தில நில்" எண்டன். நெஞ்சளவு தண்ணியில அலை வந்து என்னைத் தூக்கி, அந்தப் பக்கம் இறக்கிச்சு. அஞ்சு வருசத்துக்குப் பிறகு ஒருத்தரும் தொடாம நான் நிமிந்து நிண்ட மாதிரி இருந்தது, உண்மையில மிதந்ததுதான். இருவது நிமிசத்தோட வெளிய வந்திட்டன், ஈர உடுப்பு மாத்தி, வீட்ட வந்து வீல் செயார் முழுக்க நல்லதண்ணியால கழுவி, சில்லுக் குச்சிக்கு எண்ணெய் விட்டது. விடாட்டி உப்பு ஒரு மாசத்தில பெயரிங்கைத் திண்டிடும்.

பாலைப்பழம்

எல்லாரும் கேக்கிறது, பாலைப்பழம் சாப்பிடுறியோ எண்டு. சாப்பிடுறன். ஆனி பிறந்தா றோட்டோரம் பேணியில அளந்து விப்பினம், ஸ்கூட்டியை நிப்பாட்டி வாங்கலாம். போன வருசம் மரத்துக்கே போனன், தெரிஞ்ச காணிதான், மிதிவெடிப் பலகை அடிச்ச காட்டுப் பக்கம் எண்டா எந்தப் பழத்துக்கும் போறேல்லை. தம்பி கீழ நிண்டு கொக்கத்தடியால உலுப்பினான், ஏற விடேல்லை நான். வீல் செயாரில இருந்து சாறத்தை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சன், மஞ்சள் மஞ்சளா வந்து விழுந்துது.

கனக்கத் திண்டா வாயெல்லாம் பால் ஒட்டும், உதட்டில கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசித் துடையுங்கோ, போயிடும்.